கண்ணாடித் தட்டில் வெயில் காய்ந்த எள்ளு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரைக் கேட்டு யாரும் எழுதவேண்டாம். வலிகாமத்தில் ஒரு சந்திக்குப் பக்கத்தில் இருக்கிற விதைக்கடை. விதையோடு பசளை, மருந்து, தெளிகருவி, பூவாளி எல்லாம் விற்பார்கள். வாசலில் ஒரு கண்ணாடி அலுமாரி, உள்ளே இருட்டாக நீண்டுபோகும் தட்டுகள். இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு தேடினால் யாழ்ப்பாணத்தில் பாதி விதைக்கடைகள் அகப்படும். ஆகவே கடை யாருடையது என்பதை விட்டுவிட்டு நான் வாங்கிய இரண்டு பைக்கற்றைப் பார்ப்போம்.

எனக்குச் சரசாலைப் பக்கம் ஐயா விட்டுப்போன நாலு பரப்பு, அதாவது ஆயிரம் சதுர மீற்றர் சொச்சம், வயல் இருக்கிறது. முப்பத்தொரு வருசம் கணிதம் படிப்பித்து ஓய்வெடுத்த பிறகுதான் அதில் இறங்கினேன். காலபோக நெல்லு வெட்டி முடிய, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில் மாசி நடுவில் எள்ளு போடுவது. ஐயா காலத்திலும் அப்படித்தான். வைகாசியில் பிடுங்கலாம். எள்ளுக்குப் பெரிய தண்ணீர் தேவையில்லை, தேங்கினால்தான் செத்துப்போகும். மூன்று மாதப் பயிர், மாடு அவ்வளவாக வாய் வைக்காது, என் வயதுக்குத் தோதான வேலை. ஒரே இடைஞ்சல் தொடக்கம். முதல் பத்து நாளில் பயிர் ஒழுங்காக எழும்பவில்லையென்றால் பிறகு என்ன பசளை போட்டும் பிரயோசனமில்லை. போன வருசம் எனக்கு அப்படித்தான் ஆனது. ஒரு மூலையில் தலைமயிர் மாதிரி அடர்ந்து, மறுமூலையில் வெறும் தரை.

அதனால் இந்த முறை முறையாகச் செய்யலாமென்று கடைக்குப் போனேன். எம்.ஐ.3 என்று எழுதிய 250 கிராம் பைக்கற். இந்த எம்.ஐ. என்பது அனுராதபுர மாவட்டத்து மகா இலுப்பள்ளமவின் சுருக்கம். அங்கேதான் விவசாயத் திணைக்களத்தின் வயற்பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு பைக்கற் 400 ரூபாய். பலசரக்குக் கடை எள்ளைவிட விலை கூடத்தான். இரண்டு கேட்டேன். கடைத் தம்பி ஒன்றை வாசல் கண்ணாடி அலுமாரியில் இருந்து எடுத்தான். அதில் அதுதான் கடைசி. மற்றதை உள்ளே போய் பின்சுவர்த் தட்டில் இருந்து கொண்டுவந்தான்.

"எத்தினை பரப்பு ரீச்சர்?"

"நாலு."

"அப்ப இன்னும் ரெண்டு எடுங்கோ. பரப்புக்குக் கால் கிலோ வேணும்."

எடுக்கவில்லை. கணக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவன் சிரித்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் அந்தக் கால் கிலோ எங்கேயிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து இரண்டு பைக்கற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே தொகுதி இலக்கம், ஒரே பொதிசெய்த திகதி. இரண்டிலும் முளைதிறன் 85 வீதம் என்று, அதாவது நூறு விதை போட்டால் 85 முளைக்குமென்று, அச்சடித்திருந்தது. சோதித்த திகதி மட்டும் இரண்டிலும் இல்லை. 85 வீதம் என்பது என்றைக்கு 85 வீதம்? பிள்ளை ஐந்தாம் வகுப்பில் எடுத்த புள்ளியை பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை வரைக்கும் கொண்டுபோக முடியாது.

சரி, நானே சோதிப்போம் என்று பழைய பருத்தி வேட்டித் துண்டு இரண்டை நனைத்துப் பிழிந்து இரண்டு தட்டில் விரித்தேன். ஈர்க்கு நுனியால் பத்துப் பத்தாகப் பத்து வரிசை, தட்டுக்கு 100 விதை. மேலே துணியை மடித்து மூடி, அதன்மேல் இன்னொரு தட்டு. காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்தேன். துணி ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் நின்றால் விதை அழுகும். மூன்றாம் நாள் ஒரு தடவை எண்ணி, ஆறாம் நாள் கடைசியாக எண்ணினேன். வேர் மட்டும் எட்டிப்பார்த்துவிட்டு முளை வராமல் நின்றதுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதுகள் மண்ணுக்குள் போட்டால் மேலே வராது.

பின்சுவர்த் தட்டு விதை: 88.

கண்ணாடி அலுமாரி விதை: 71.

ஒரே தொகுதி, ஒரே நாளில் கட்டிய பைக்கற்! எண்ணிக்கை பிழைத்துவிட்டதோ என்று மறுபடி வைத்துப் பார்த்தேன். இரண்டாம் தடவை 86, 69. அதற்குமேல் சந்தேகப்பட எதுவும் இல்லை. கடையின் வாசல் மேற்குப் பார்த்தது. பின்னேர வெயில் நேரே அந்தக் கண்ணாடிக்குள் விழும். உள்ளே கையை விட்டால் அடுப்படி மாதிரிச் சுடும்.

விதைச் சேமிப்பில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. விதையின் ஈரம் ஒரு வீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். பின்சுவரைவிட அலுமாரி 10 பாகை சூடு என்றால் ஆயுள் நாலில் ஒன்று. அதோடு எள்ளு எண்ணெய் வித்து. பாதியளவு எண்ணெய்தான். வைத்திருக்கிற விதம் பிழைத்தால் அந்த எண்ணெய் சிக்குப் பிடிக்கும், முளையும் செத்துப்போகும்.  அலுமாரிப் பைக்கற்றைப் பிரித்து மோந்தபோது மெல்லியதாக ஒரு வாடை வந்தது. கடையில் வைத்தே மோந்திருக்கவேண்டும். பைக்கற்றைப் பிரிக்காமல் எப்படி மோப்பது என்பது வேறு கேள்வி.

ஆர்வத்தில் பலசரக்குக் கடை எள்ளையும் ஒரு தட்டில் போட்டுப் பார்த்தேன். 38. அதுவும் பெரிசு சின்னனாக, இரண்டு மூன்று இனம் கலந்தது. புரட்டாதிச் சனிக்குப் பொட்டணி கட்டி எரிக்க அது காணும், எள்ளுப்பாகு இடிக்கக் காணும். வயலுக்குக் காணாது. கொஞ்சக் காசை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு போகத்தைத் தொலைக்கிற ஆட்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். போன வருசம் நானும் அந்தக் கூட்டம்தான்.

இனிக் கால் கிலோக் கணக்கு. இதற்கு உதவியவன் என் பெறாமகன். தங்கைச்சியின் மகன், கனடாவில் மனிற்றோபாவில் தானியக் களஞ்சியம் ஒன்றில் வேலை. கோடையில் அவன் வட்ஸ்அப்பில் மஞ்சள் வயல் படங்களாக அனுப்புவான். முதல் படத்தைப் பார்த்து அம்மா, "உங்கை கடுகோ போடுறவை?" என்று கேட்டா. அதிகம் பிழையில்லை. அது கனோலா, கடுகின் ஒன்றுவிட்ட சகோதரம். ரேப் என்று பழைய பெயர். அதன் எண்ணெயில் இருந்த எரூசிக் என்ற ஆகாத கொழுப்பமிலத்தைக் கனடாக்காரர் இனவிருத்தியால் குறைத்து, 1978இல் கனோலா என்று புதுப் பெயர் பதிந்தார்கள். கனடாவையும் எண்ணெயையும் சேர்த்துச் செய்த பெயர். விதை எள்ளைப் போலவே சின்னது. போடுகிற ஆழமும் எங்களுடையதுதான், ஒன்றிலிருந்து இரண்டரைச் சென்ரிமீற்றர். கலப்பை கொஞ்சம் ஆழம் போனால் சத்தமில்லாமல் செத்துவிடும். மேல்மண் காய்ந்து பொருக்குக் கட்டினாலும் அதே கதி.

அவன் சொன்ன விசயம் இதுதான். அங்கே 22.7 கிலோப் பையில் ஆயிரம் விதையின் நிறையையும் எழுதியிருப்பார்களாம். ஒரு தொகுதி விதை பருத்திருக்கும், இன்னொன்று சிறுத்திருக்கும். ஒரே கிலோவில் விதையின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகக்கூட மாறும். ஆகவே எத்தனை செடி நிற்கவேண்டும் என்று முதலில் தீர்மானித்து, எத்தனை விதை சாகும் என்று கழித்து, கடைசியில்தான் கிலோவுக்கு வருவார்கள். சதுர அடிக்கு ஐந்திலிருந்து எட்டுச் செடி அவர்கள் இலக்கு. இவ்வளவு இயந்திரம் வைத்தும் போட்ட விதையில் பாதி, அறுபது வீதம்தான் மேலே வருமாம். "சித்தி, நீங்கள் ஆயிரம் எள்ளை நிறுத்துப் பாருங்கோ" என்றான். பெரியம்மா என்று கூப்பிடவேண்டியவன், சின்ன வயதிலிருந்தே சித்தி என்றுதான். திருத்தி அலுத்துவிட்டேன்.

சமையல் தராசு ஆயிரம் எள்ளைக் கண்டுகொள்ளாது. தெரிந்த நகைக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொன் நிறுக்கிற தராசில் எள்ளைக் கொட்டியதைப் பார்த்து அங்கிருந்த பொம்பிளையள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 2.9 கிராம்.

இனிப் பாருங்கள். ஒரு பரப்பு பத்துப் பேர்ச், 253 சதுர மீற்றர். வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 15 என்று நின்றால் பரப்புக்கு ஏறத்தாழ 5,600 செடி. தம்பி சொன்ன கால் கிலோவில் 86,000 விதை இருக்கிறது. ஒரு செடிக்குப் பதினைந்து விதை! எறும்புக்கும் பங்கு கொடுக்கத்தான் வேண்டும், அதற்காக இப்படியா? நான் போட்ட கணக்கு: ஐதாக்கும்போது, அதாவது அடர்ந்த நாற்றைப் பிடுங்கிக் குறைக்கும்போது, நல்லதைத் தெரிந்து விட இரண்டு மடங்கு வேண்டும், ஆகவே 11,200 நாற்று. முளைதிறன் 88 வீதம், அதிலும் மண்ணில் பாதிதான் வரும் என்று கொண்டால் 100 விதைக்கு 44. அப்படியானால் 25,500 விதை. நிறுத்தால் 75 கிராம். பால்பேணியில் பாதிகூட வராது.

மூன்று பரப்புக்குப் பின்சுவர் விதையை 75 கிராம் வீதம் வரிசையாகப் போட்டேன். நாலாவது பரப்பில் அலுமாரி விதையை 125 கிராம் வீசி விதைத்தேன், அயலில் எல்லோரும் செய்கிற மாதிரி. விதை, விதைக்கிற முறை இரண்டையும் ஒரே நேரம் மாற்றினால் சோதனை சோதனையில்லை என்று எனக்குத் தெரியும். மாணவி ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் சிவப்புப் பேனையால் கீறியிருப்பேன். ஆனால் அந்த விதையைக் குப்பையில் போட மனமில்லை.

நிலத்தைக் கொத்திப் புரட்டுவதற்கு லான்ட்மாஸ்ரர் என்ற கை உழவு இயந்திரம் இரண்டு தரம் போதுமென்று வந்த அண்ணை சொன்னார். நான் மூன்றாம் தரமும் அடிக்கச் சொன்னேன், காசு கூடத்தான். நெல்லு நின்ற மண் கட்டி கட்டியாகக் கிடக்கும். புளியங்கொட்டை அளவு கட்டிக்கு நடுவே எள்ளு விழுந்தால் ஒன்று காற்றில் காயும், இல்லையென்றால் ஆழத்துக்குப் போகும். மண் புழுதியாக வேண்டும், அதே நேரம் கையில் பிடித்தால் ஈரம் தெரியவேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கிற நாட்கள் எங்கள் வயலில் நாலைந்துதான். ஒரு பங்கு எள்ளுக்கு நாலு பங்கு அரித்த மணல். கயிறு பிடித்துத் தடியால் கீறிய கோட்டில் சிட்டிகை சிட்டிகையாக விட்டு, காலால் மெல்ல மண்ணைத் தள்ளி மூடினேன். ஒரு சென்ரிமீற்றர் மண், கூட இல்லை. மூன்று பரப்புக்கு இரண்டு காலை நேரம் போனது. வீசி விதைத்த பரப்பு அரை மணித்தியாலத்தில் முடிந்தது, அதையும் சொல்லவேண்டும்.

நாலாம் நாள் மழை. மாசியில் யாரும் கேட்காத மழை. பெரிதாக இல்லை, ஆனால் அடுத்த நாள் வெயிலுக்கு வயலின் கீழ்ப்பக்கம் அப்பளம் மாதிரிப் பொருக்குக் கட்டிவிட்டது. கிளப்பிப் பார்த்தால் கீழே முளை வளைந்து, முட்டி, மேலே வரமுடியாமல் நிற்கிறது. நெல்லுக்கு ஊசி முளை, குத்திக்கொண்டு வரும். எள்ளு இரண்டு இலையைச் சுமந்துகொண்டு வரவேண்டும். பக்கத்து வயல் அண்ணை இலந்தை முள்ளுக் கிளையைக் கட்டி மெதுவாக இழுக்கச் சொன்னார். இழுத்தேன். பூவாளியால் இரண்டு பின்னேரம் தண்ணீரும் தெளித்தேன். பாதி தப்பியது என்று நினைக்கிறேன்.

பத்தாம் நாள் பனஞ்சிலாகையில் அரை மீற்றர்ச் சதுரம் ஒன்று அடித்து, வயலில் பத்து இடத்தில் வைத்து எண்ணினேன். நடு வெயிலில் குந்தியிருந்து எண்ணுவதைப் பார்த்து அம்மா வரம்பில் நின்றபடி, "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுது?" என்று கேட்டா. 84 வயதில் இந்தப் பழமொழியை இவ்வளவு பொருத்தமாகப் பாவிக்க அவவால்தான் முடியும்.

வரிசைப் பரப்புகளில் சதுர மீற்றருக்குச் சராசரி 34 நாற்று. பொருக்குக் கட்டிய மூலையில் 9. போட்ட விதை சதுர மீற்றருக்கு நூறு சொச்சம், அதில் மூன்றில் ஒன்றுதான் எழும்பியிருக்கிறது. நான் கணக்குப் பார்த்த 100க்கு 44கூட வரவில்லை. ஆனாலும் வேண்டியது 22தான், ஆகவே மூலையைத் தவிர மற்ற இடமெல்லாம் ஐதாக்குவதற்கு மிச்சம் இருந்தது. வீசி விதைத்த பரப்பில் சராசரி 40. கூட என்று சந்தோசப்படுவதற்கு இல்லை. ஒரு இடத்தில் சதுர மீற்றருக்கு 112, இன்னொன்றில் 4. சராசரி ஆழத்தை நம்பி ஆற்றில் இறங்கி மூழ்கியவன் கதைதான். 112 நிற்கிற இடத்தில் எல்லாம் நெட்டையாக ஒல்லியாக வளர்ந்து சாயும், 4 நிற்கிற இடத்தில் புல்லு வளரும். மூன்றாம் கிழமை ஐதாக்கும்போது பிடுங்கிய நாற்றை வெற்றிடத்தில் நட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை.

பிறகு நடந்தது வழமையானது. இரண்டு களை. பூக்கிற நேரம் ஏழெட்டுச் செடியில் பூவுக்குப் பதில் பச்சை இலைக்கொத்தாக வந்தது. இலைத்தத்தி பரப்புகிற வருத்தம் அது, பிடுங்கி எரித்தேன். அடிக்காய் மஞ்சளாகி வெடிக்குமுன் வெட்டிக் கட்டி நிறுத்திவைத்தேன். மூன்று வரிசைப் பரப்பில் 47 கிலோ. வீசிய பரப்பில் 10.

கடைக்கு வருவோம், ஏனென்றால் இது கடையைப் பற்றியும்தான். விதைத்த அடுத்த கிழமையே முளைவிட்ட இரண்டு துணியையும் தட்டோடு எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த அலுமாரி விதை 125 கிராமோடு போனேன். முதலாளி இருந்தார்.

"ரீச்சர், வித்த விதை திருப்பி எடுக்கிறேல்லை. விதை உயிருள்ள சாமான், நாங்கள் என்ன செய்யிறது?"

"உயிருள்ள சாமான் எண்டு தெரிஞ்சுகொண்டு ஏன் வெயிலில வைச்சிருக்கிறியள்?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பிதான் வந்து இரண்டு துணியையும் கிட்டப் பிடித்துப் பார்த்தான். அவனே எண்ணத் தொடங்கிவிட்டான். பரப்புக்குக் கால் கிலோ என்று யார் சொன்னது என்று கேட்டேன். முன்னம் வேலைசெய்த பெடியன் சொன்னதாம். காசு திரும்பவில்லை. மாற்றுப் பைக்கற்றும் தரவில்லை. புறப்படும்போது முதலாளி ஒரு மிளகாய் விதைப் பைக்கற்றை நீட்டினார், சும்மா கொண்டுபோங்கோ என்று. அதுவும் கண்ணாடி அலுமாரியில் இருந்துதான் எடுத்தார். வாங்கவில்லை.

என் புள்ளிகள்: விதைக்கு, அதாவது ஒழுங்காக வைத்திருந்த விதைக்கு, பத்துக்கு எட்டு. இனம் கலப்பில்லை, பதர், கல், புல்விதை இல்லை, சொன்னதைவிட ஒன்றிலிருந்து மூன்று வரை கூட முளைத்தது. லேபலுக்கு மூன்று. சோதித்த திகதி இல்லை, ஆயிரம் விதை நிறை இல்லை, எங்கே வைத்திருக்கவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. ஆலோசனைக்குப் பூச்சியம். எதை எவ்வளவு போடுவது என்று தெரியாவிட்டால் பக்கத்துக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், விற்கிறவரிடம் கேட்காதீர்கள். தம்பிக்கு ஏழு, அவன் எண்ணியதற்காக.

வைகாசிக் கடைசியில் கயிறு வாங்க அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கண்ணாடி அலுமாரியில் பூவாளியும் நைலோன் கயிறும் அடுக்கியிருந்தது. விதை எல்லாம் உள்ளே. முதலாளி என்னைக் கண்டும் காணாத மாதிரி ரசீது எழுதிக்கொண்டிருந்தார். தம்பி மட்டும் பின்சுவர்ப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தான். வருகிற மாசிக்கு அங்கே வாங்கத் தேவையிருக்காது. 47 கிலோவில் நல்லதாக இரண்டு கிலோவைக் காயவைத்து, போத்தலில் அடைத்து, அம்மாவின் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். வீட்டில் குளிர்ந்த இடம் அதுதான். தையில் 100 எண்ணி வேட்டித் துண்டில் போட்டுப் பார்க்கவேண்டும்.